சாவியைக் கொடுக்கும் முன் இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள்

கேள்வி: மடிப்பாக்கத்தில் நாலு வருஷமாக இருக்கும் வாடகை வீட்டை இந்த மாதக் கடைசியில் காலி செய்கிறோம். வாடகை 16,000, அட்வான்ஸ் 80,000. "சாவியைக் கொடுத்துட்டுப் போங்க, வீட்டைப் பார்த்துட்டு கழிக்கிறதைக் கழிச்சுக்கிட்டு மீதியை அனுப்புறேன்" என்கிறார் ஹவுஸ் ஓனர். பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை போய்விடும் என்று இப்போதே சொல்லிவிட்டார். இது சரியா?
- ஒரு வாசகி, சென்னை

பதில்: சரியில்லை. நீங்கள் இல்லாதபோது அவர் மட்டும் பார்த்துப் போடும் கணக்குக்குச் சம்மதிக்காதீர்கள். சாமான் எல்லாம் லாரியில் ஏறின பிறகு, வீடு காலியாக இருக்கும்போது, பகல் வெளிச்சத்தில் இரண்டு பேரும் சேர்ந்து ஒவ்வொரு அறையாகப் பார்க்க வேண்டும். ஃப்ரிட்ஜ், பீரோ எல்லாம் நகர்ந்தால்தான் பின்சுவர் தெரியும், ஓனர் பிறகு வந்து சண்டை போடுவதும் பெரும்பாலும் அந்தச் சுவரை வைத்துத்தான்.

பார்த்ததை அங்கேயே ஒரு தாளில் எழுதுங்கள். எந்த அறை, என்ன பழுது, யார் செலவு, எவ்வளவு என்று எழுதி, கீழே கரண்ட் மீட்டர் ரீடிங்கையும், எத்தனை சாவி ஒப்படைத்தீர்கள் என்பதையும், அட்வான்ஸில் மீதி எவ்வளவு, எந்தத் தேதிக்குள் வரும் என்பதையும் சேர்த்து இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். விவகாரம் முற்றி வாடகை நீதிமன்றம் வரைக்கும் போனாலும் அங்கே உங்களுக்குக் கைகொடுப்பது அந்தத் தாள்தான். ஓனர் கையெழுத்துப் போட மறுத்தால், அறை அறையாக வீடியோ எடுத்து அன்றைக்கே அவருக்கு அனுப்பிவிடுங்கள். குடிவந்த நாளில் எடுத்த படம் பழைய போனில் ஏதாவது கிடக்கிறதா என்று இப்போதே தேடி வையுங்கள், ஏற்கெனவே இருந்த விரிசலுக்கு வேறு சாட்சி கிடைக்காது.

அடுத்து பெயிண்ட். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின் அட்டவணையில், சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயிண்ட் அடிப்பது, குழாய் லைன் மாற்றுவது, வயரிங் எல்லாம் ஓனர் பொறுப்பு என்றே இருக்கிறது. குழாய் வாஷர், ஸ்விட்ச், தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி, கொசுவலை, வாஷ்பேசின் பழுது போன்றவை உங்கள் பொறுப்பு. ஆனால் ஒப்பந்தத்தில் 'காலி செய்யும்போது பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை' என்று ஒரு வரி இருந்தால் ஓனர் அதைத்தான் கையில் எடுப்பார், அதனால் முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். அப்படி ஒரு வரியே இல்லையென்றால் தயங்காமல் கேளுங்கள். நாலு வருஷத்தில் பெயிண்ட் மங்குவது இயல்பான தேய்மானம், அதற்கு நீங்கள் பணம் தர வேண்டியதில்லை. ஒட்டுக் கொக்கியைப் பிய்த்தபோது புட்டியோடு பெயர்ந்து வந்த இடம், ஆணி அடித்ததில் உடைந்த டைல், இதெல்லாம் வேறு கணக்கு, அதை நீங்கள்தான் சரிசெய்து தர வேண்டும்.

ஒன்று முக்கியம், பாத்ரூமில் போர் தண்ணீர் உப்புக்கறை இருக்கிறதே என்று கடைசி நாளில் ஆசிட் ஊற்றித் தேய்க்காதீர்கள். கறை போகும், கூடவே டைல் இடுக்கில் பூசின சிமெண்டையும் அரித்துவிடும், குழாயின் பளபளப்பும் போய்விடும். கறைக்காகப் பேசிக்கொண்டிருந்த ஓனர் அப்புறம் புதுக் குழாய்க்கே பணம் கேட்பார், அதற்குப் பதில் சொல்வது கஷ்டம்.

கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், நடுவில் காலி செய்பவர்கள் நாள் கணக்கில் பங்கு பிரிக்கிறார்கள். அப்படிச் செய்யாமல் கடைசி ரீடிங் முதல் நீங்கள் காலி செய்யும் நாள் ரீடிங் வரை உள்ள யூனிட்டைக் கணக்கிட்டு, அதற்கான பணத்தை அன்றே முடித்துவிடுங்கள். 'பில் வரட்டும், பார்க்கலாம்' என்று விட்டால் அட்வான்ஸும் அதோடு சேர்ந்து தள்ளிப்போகும்.

காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான கழிவு போக மீதி அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அட்வான்ஸே மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்பதுதான் பொது விதி, ஒப்பந்தத்தில் ஒத்துக்கொண்டிருந்தால்தான் உங்கள் ஐந்து மாதம் செல்லும்.

கேள்வி: நான் வீட்டு உரிமையாளர். குடியிருப்பவர்கள் அடுத்த மாதம் காலி செய்கிறார்கள். அதற்கு முன்பே உள்ளே போய்ப் பார்க்கலாமா?
- வாசகர், கோவை

பதில்: பார்க்கலாம், ஆனால் 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் தெரிவித்துவிட்டுப் போங்கள், மாற்றுச் சாவி இருக்கிறதென்று அவர்கள் இல்லாதபோது திறக்காதீர்கள். மூன்று வாரம் முன்பே பார்த்து 'இந்த நான்கும் சரிசெய்துவிடுங்கள்' என்று சொன்னால், அவர்களே தெரிந்த பிளம்பரை வைத்துக் குறைந்த செலவில் முடித்துவிடுவார்கள். ஃப்ளஷ் டேங்க் ஒழுகுகிறதா, சிங்க் அடியில் ஈரம் கசிகிறதா என்பதையும் அப்போதே பாருங்கள், மோட்டாரை நிறுத்திவிட்டால் இந்த ஒழுகல் எதுவும் கண்ணில் படாது.