வாசகர் கேள்வி: வாயில் இரும்பு இல்லாமல் குதிரை ஏறலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் ஏழு வயது நாட்டுக் குதிரை ஒன்று வளர்கிறது. வாயில் இரும்பைப் போட்டதும் தலையை உதறுகிறது; லகானைப் பிடித்தால் வாயைத் திறந்து முகத்தை மேலே தூக்குகிறது. இரும்பில்லாத கடிவாளம் வாங்கலாமா? “இரும்பு இல்லாத குதிரை கண்ட பக்கம் ஓடும்” என்று எங்கள் ஐயா தடுக்கிறார்கள். (வாசகர், கானாடுகாத்தான்)

பதில்: வாங்கலாம், ஆனால் அதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் குதிரையின் வாயைக் காட்டுங்கள். குதிரையின் பற்கள் வாழ்நாள் முழுவதும் ஈறிலிருந்து வெளிவந்துகொண்டே இருப்பதால், கடைவாய்ப் பற்களின் ஓரங்கள் கூர்மையாகிக் கன்னத்தையும் நாக்கையும் அறுக்கும். சில குதிரைகளுக்குக் கடைவாய்ப் பல்வரிசைக்கு முன்னால் முளைக்கும் சிறு பல்லும் இரும்புபட்டு வலிக்கும். பல் வலியை அப்படியே விட்டுவிட்டுக் கடிவாளத்தை மட்டும் மாற்றினால், இரும்புக்குப் பதிலாக மூக்கின் குறுக்கே கட்டும் மூக்குப்பட்டை இறுகி, கன்னத்தை அந்தக் கூர்மையான பற்கள் மீதே அழுத்தும்.

முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே உள்ள பல்லில்லாத பகுதியில்தான் இரும்பு கிடக்கிறது. அங்கே மெல்லிய ஈறுக்கு அடியிலேயே எலும்பு இருக்கிறது என்பதால், முரட்டுக் கை இழுக்கும் ஒவ்வொரு இழுப்பும் எலும்பில் போய் விழுகிறது. உங்கள் குதிரை வாயைத் திறப்பதும் முகத்தைத் தூக்குவதும் அந்த வலியிலிருந்து தப்பிக்கும் முயற்சியாக இருக்கலாம்.

ஐயாவின் அச்சத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் நம்மைப் போல் நான்கைந்து மடங்கு எடையுள்ள விலங்கை எந்த இரும்பாலும் பலத்தால் நிறுத்த முடியாது. அது நிற்பது பழக்கத்தால்தான், வலி மிஞ்சினாலோ மிரண்டு இன்னும் வேகமாக ஓடும். கி.மு. 218-இல் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலுடன் ஆல்ப்ஸ் மலையைக் கடந்த வட ஆப்பிரிக்க நுமிடியக் குதிரைப்படையினர், கடிவாளமின்றியே குதிரைகளைச் செலுத்தியவர்கள் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் அய்யனார் கோயில்களில் வேளார் செய்து வைக்கும் மண்குதிரைகளின் முகத்தில் கடிவாளத்தைப் பார்த்தே வளர்ந்த நமக்கு இது வியப்பாகத்தான் இருக்கும்.

இரும்பை எடுத்துவிட்டதாலேயே குதிரைக்கு நோகாது என்றும் எண்ண வேண்டாம். மூக்கணாங்கயிற்றைச் சுண்டினால் மாடு என்ன பாடுபடும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். குதிரையின் மூக்கெலும்பும் கீழே போகப் போக மெலிந்து, நுனியில் தாங்க எதுவுமில்லாமல் நிற்கிறது. குதிரை வாயால் மூச்சு விடாது. ஆகவே பட்டை தாழ்ந்து மென்மையான பகுதியில் உட்கார்ந்தால் மூச்சே தடைபடும். கன்ன எலும்பு மேடு முடியும் இடத்திற்கு இரு விரல் கீழே, பட்டைக்குள் இரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாகக் கட்டுங்கள். இருபுறமும் நீண்ட இரும்புக் கைகளும் தாடைச் சங்கிலியும் கொண்ட வகை, நெம்புகோல்போல் உங்கள் இழுப்பைப் பன்மடங்காக்கும். அதைத் தொடக்கத்தில் தொடவே வேண்டாம். லகான் மூக்குப்பட்டையின் பக்க வளையங்களில் நேராக மாட்டும் எளிய வகை போதும். வெயிலில் பட்டைக்கடியில் வியர்வை தங்கிப் புண்ணாகும் என்பதால், ஒவ்வொரு நாளும் கழற்றியதும் துடைத்துப் பாருங்கள்.

முதல் சில வாரங்கள் வேலியடைத்த இடத்தில் மட்டும், முதலில் தரையில் நின்றும் பிறகு ஏறியும், குரலுக்கும் உடல் அசைவுக்கும் நிற்கப் பழக்குங்கள். அங்கே ஒவ்வொரு முறையும் நின்ற பிறகுதான் சாலைக்குக் கொண்டுபோகலாம்.

கேள்வி: போட்டிகளில் இதை அனுமதிப்பார்களா? (வாசகி, தேவகோட்டை)

பதில்: சர்வதேசத் தடைதாண்டும் போட்டிகளில் இரும்பில்லாத கடிவாளத்திற்கு இடமுண்டு, நடைப்பயிற்சித் திறன் போட்டியான டிரெசாஜில் இரும்பு கட்டாயம். உள்ளூர்ப் போட்டி என்றால், பெயர் கொடுக்கும்போதே நடத்துபவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.