‘கட்டினாராம்’ என்று எழுதியிருக்கிறீர்கள்

கேள்வி: எனக்கு வயது 52. திருப்பூரில் சிறிய சாயப்பட்டறை வைத்திருந்தேன். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதோடு என் தொழில் போயிற்று. வங்கியில் வாங்கியிருந்த 6 லட்ச ரூபாய்க் கடனுக்கு வழக்குப் போட்டு 2013-ல் டிக்ரி (பணத்தைக் கட்டச் சொல்லும் தீர்ப்பு) வாங்கினார்கள். நான் கோர்ட்டுக்குப் போகவில்லை. 2014-ல் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தேன். சப் கோர்ட்டில் திவால் உத்தரவும் வந்தது. ஜாமீன் போட்டிருந்த அக்கா கணவருக்குச் சம்பளத்தில் பிடித்தார்கள். மீதியை அவரே கட்டினாராம். ஆகவே வங்கிக்கு இப்போது பாக்கி இல்லை. ஆனாலும் என் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ‘வழக்குத் தொடரப்பட்டது’, ‘தள்ளுபடி’ என்றே நிற்கிறது. மகளுக்குப் பொறியியல் படிக்கக் கல்விக் கடன் கேட்டேன். இதைக் காட்டி மறுத்துவிட்டார்கள். 30,000 ரூபாய் கொடுத்தால் பழைய தீர்ப்பையே பதிவிலிருந்து எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? வேறு வழி உண்டா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: கொடுக்காதீர்கள். வங்கி அனுப்பிய விவரத்தை, வங்கியின் ஒப்புதல் இல்லாமல் சிபில் நிறுவனமே திருத்த முடியாது. அப்படியிருக்க, வெளியாள் ஒருவர் எதைத் திருத்தப்போகிறார்? உங்களுக்காக அவர் போடப்போகும் மனுவை நீங்களே காசு செலவில்லாமல் போடலாம். வழியைப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் கடிதம் எனக்குப் புதிதல்ல. மாதத்துக்கு இரண்டு மூன்று வருகிறது. ஊரும் தொழிலும் மாறும், கேள்வி மாறாது. உங்கள் கடிதத்தில் என்னை மேலே படிக்கவிடாமல் நிறுத்தியது ஒரே ஒரு சொல்தான். ‘கட்டினாராம்.’

கூடப்பிறந்த அக்காவின் வீட்டில் நடந்ததை எழுதும்போது ‘ஆம்’ எங்கிருந்து வந்தது, தம்பி? முன்பின் தெரியாதவர் வீட்டுச் செய்தியை யாரோ சொல்லக் கேட்டு எழுதும்போது போடுகிற சொல் அது. உங்கள் கடனை ஒருவர் அடைத்திருக்கிறார். எவ்வளவு அடைத்தார் என்று உங்களுக்குத் தெரியவில்லை. எந்த வருடம் முடித்தார் என்று தெரியவில்லை. ரசீதைக் கண்ணால் பார்த்ததில்லை. கேட்கவே இல்லை என்பது அந்த ஒரு சொல்லிலேயே தெரிகிறது. அதற்கடுத்த வரியிலேயே ‘ஆகவே வங்கிக்கு இப்போது பாக்கி இல்லை’ என்று உங்களுக்குச் சாதகமான ஆதாரமாக அதை எடுத்து வைக்கிறீர்கள். யார் பணத்தில் பாக்கி இல்லாமல் போயிற்று?

நீங்கள் கேட்காமல் விட்ட கணக்கை நான் போட்டுக் காட்டுகிறேன். டிக்ரிக்காகச் சம்பளத்தைப் பிடிப்பதற்கு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவில் வரம்பு இருக்கிறது. முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக் கூடாது; எஞ்சிய ஒரு பங்கைப் பிடிக்கலாம். உங்கள் அக்கா கணவரின் சம்பளத்தை நீங்கள் எழுதவில்லை. 25,000 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 8,000 ரூபாய் போகும். ஒரே டிக்ரிக்கு மொத்தம் 24 மாதம்தான் பிடிக்கலாம். ஆக 1,92,000 ரூபாய். அவர் அரிசி வாங்கவும், பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டவும் வைத்திருந்த பணம். உங்கள் டிக்ரித் தொகை வட்டியோடு அதைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருந்திருக்கும். ‘மீதியை அவரே கட்டினாராம்’ என்றீர்களே, அந்த மீதி இதுதான். அது எங்கிருந்து வந்திருக்கும்? சேமநல நிதியிலிருந்தா, அக்கா கழுத்திலிருந்தா?

நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவள். ஜாமீன் போட வருகிறவர்களை எதிரே உட்காரவைத்துப் பத்திரத்தை நீட்டியிருக்கிறேன். படித்துப் பாருங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்வேன். பெரும்பாலும் யாரும் படித்ததில்லை. பக்கத்து நாற்காலியில் இருக்கும் கடன் வாங்குகிறவரின் முகத்தை ஒரு தரம் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, பேனா எங்கே என்று கேட்பார்கள். அவ்வளவுதான். பிறகு அதே ஆள் தனியாக வருவார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த சம்பளச் சீட்டை எடுத்து மேசையில் பிரித்துவைத்து, ‘கோர்ட் பிடித்தம்’ என்ற வரியில் விரலை வைத்து, “இது எத்தனை மாசம் வருமுங்க?” என்று கேட்பார். அப்போது பக்கத்து நாற்காலி காலியாக இருக்கும். அந்த நாற்காலி எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆகவே உங்களிடம் மென்மையாகப் பேச என்னால் முடியவில்லை.

சட்டம் உங்களை விடுவித்திருக்கலாம். அதை நான் குறை சொல்லவில்லை. சாயப்பட்டறைகளை மூடியபோது நேர்மையாகத் தொழில் செய்தவர்களும் சேர்ந்துதான் விழுந்தார்கள். விழுந்தவன் எழுந்து நிற்க ஒரு வழி வேண்டும் என்பதற்காகத்தான் திவால் சட்டமே இருக்கிறது. மஞ்சள் நோட்டீஸ் கொடுத்ததற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் உங்கள் மனு நடந்த அதே 1920-ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டத்தில் 44-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். விடுதலை பெற்றவருக்குப் பழைய கடன்களிலிருந்து விடிவு உண்டு. அவருக்கு ஜாமீன் நின்றவருக்கு அந்த விடுதலை கிடையாது என்று தனியாகவே எழுதியிருக்கிறது. நீங்கள் வெளியே வந்த கதவை வங்கி அவர் முகத்தில் சாத்திவிட்டது. இன்றைக்கு அவர் உங்கள் மேல் வழக்குப் போட்டாலும், இதே திவால் உத்தரவைக் காட்டித் தப்பிக்க உங்கள் வக்கீல் வழி சொல்வார். அந்த வழியை நீங்கள் எடுக்கக் கூடாது. கோர்ட் கேட்காத கடன் கடனாகாது என்றால், நம் வீடுகளில் பாதிக் கடன்களுக்குப் பெயரே இருக்காது. தாய்மாமன் சீர் செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? செய்கிறோம் அல்லவா?

இனி காகித விஷயம்.

‘திவால் உத்தரவு வந்தது’ என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எந்த உத்தரவு? திவாலானவர் என்று அறிவிப்பது ஒன்று; பிறகு தனியாக மனுப்போட்டுப் பெறும் விடுதலை உத்தரவு மற்றொன்று. முதல் உத்தரவில் விடுதலை மனுவுக்குக் கெடு குறித்திருப்பார்கள். கெடுவுக்குள் மனுப் போடாவிட்டால் திவால் அறிவிப்பையே ரத்துசெய்ய 43-வது பிரிவு இடம் தருகிறது. முதல் தாளை வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று இருப்பவர்கள் ஏராளம். உங்களிடம் இருப்பது எது என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.

2013 தீர்ப்பை ‘எடுப்பது’ நடக்காது. நீங்கள் ஆஜராகாமல் வந்த எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை நீக்கக் கேட்க 30 நாள்தான் கெடு. சம்மன் முறையாக வரவில்லை என்றால் மட்டும் அதைத் தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். உங்களுக்குத் தெரிந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. செய்யக்கூடியது, தீர்ப்பின்படி பணம் முழுதும் வந்துவிட்டது என்று பதிவாக்குவது. சம்பளத்தில் பிடித்த தொகை கோர்ட் வழியாகப் போனது; தீர்ப்புப் பணத்தை வசூலிக்க வங்கி போட்ட அந்த நிறைவேற்று மனுவின் உத்தரவுக்குச் சான்றிட்ட நகலை, முதல் பிரதிவாதி என்ற முறையில் நீங்களே கேட்டு வாங்கலாம். ஆனால் வங்கியில் நேரடியாகக் கட்டிய மீதி கோர்ட்டுக்குத் தெரியாது. இத்தனை காலம் கழித்து, வங்கி கோர்ட்டில் ஒப்புக்கொண்டு எழுதித் தந்தால்தான் அது கணக்கில் ஏறும். அதற்கு எந்தத் தேதியில், எந்தக் கிளையில், எவ்வளவு கட்டினார்கள் என்று காட்ட ரசீது வேண்டும். ரசீது யார் வீட்டில் இருக்கிறது?

சிபில் அறிக்கையில் ‘தள்ளுபடி’ என்று இருப்பதைப் பார்த்து, மன்னித்துவிட்டார்கள் என்று எண்ணாதீர்கள். வாராக்கடன் என்று வங்கி தன் ஏட்டில் ஒதுக்கிவைத்ததைத்தான் அது குறிக்கிறது. அக்கா கணவர் முழுத் தொகையும் கட்டியிருந்தால், கணக்கு முடிந்தது என்று வங்கி எழுதித் தர வேண்டும். பேரம் பேசிக் குறைத்துக் கட்டியிருந்தால் ‘செட்டில்டு’ என்றுதான் வரும். அதையும் கடன் கொடுப்பவர்கள் நல்லதாகப் பார்ப்பதில்லை. நிலுவையில்லாச் சான்றும் ரசீதும் கையில் வந்த பிறகு, முதலில் வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள்; கூடவே சிபில் இணையதளத்தில் திருத்தக் கோரிக்கை போடுங்கள். இதற்குக் கட்டணம் கிடையாது. 30 நாளுக்குள் முடிக்க வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்; 2022 செப்டம்பரிலிருந்து சிபில் போன்ற நிறுவனங்களும் அவர் அதிகாரத்துக்குள் வந்துவிட்டன. நாட்டில் இப்படி நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. வங்கி நான்குக்கும் திருத்தம் அனுப்பியதா என்று பாருங்கள். இவ்வளவும் செய்தாலும் பழைய வரலாறு அழியாது. கணக்கு முடிந்தது என்று மாறும். அதற்கு மேல் கேட்க உங்களுக்கு உரிமையில்லை.

மகளுக்குக் கல்லூரி திறக்கும் முன் இதெல்லாம் முடியாது. உங்கள் மனைவியின் பெயரில் கறை இல்லையென்றால் அவரை இணைக் கடனாளியாகச் சேர்க்க முடியுமா என்று வங்கியில் கேளுங்கள்.

கடைசியாக, நீங்கள் நினைத்துக்கூடப் பார்க்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் கடன் உங்கள் அறிக்கையில் மட்டும் இல்லை. ஜாமீன்தாரர் என்ற முறையில் உங்கள் அக்கா கணவரின் அறிக்கையிலும் அது ஏறியிருக்கும். வங்கி உங்கள் கணக்கைத் திருத்தவில்லை என்றால் அவர் பெயரிலும் அதே ‘வழக்கு’, அதே ‘தள்ளுபடி’ இன்றுவரை நிற்கும். அவர் மஞ்சள் நோட்டீஸ் கொடுக்கவில்லை. கடனில் ஒரு ரூபாயைக்கூடத் தொடவில்லை. உங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள். அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்குக் கடன் கேட்டு அவர் எந்த வங்கிப் படியேறினாரோ, என்ன பதில் கேட்டுத் திரும்பினாரோ, உங்களுக்குத் தெரியாது.

ஆகவே முதல் திருத்தக் கோரிக்கை அவர் பெயரில் போகட்டும், உங்களுடையது இரண்டாவது. அந்த ஆளுக்குக் கொடுக்க 30,000 ரூபாய் புரட்ட முடியும் என்றால், அதை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போங்கள். கட்டியதெல்லாம் எவ்வளவு என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். முதல் வரவாக இதை எழுதி, மாதம் எவ்வளவு தர முடியும் என்பதையும் அங்கேயே சொல்லுங்கள். வாசலிலேயே நிற்கவைத்துப் பேசினால் நின்றுகொண்டே பேசுங்கள். திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். அக்கா அழுதால், சட்டம் என்ன சொல்கிறது என்று விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள்.

அவருடைய அறிக்கையை எடுக்க அவர் பான் எண் வேண்டும். சரிபார்க்கும் ஓ.டி.பி. அவர் கைபேசிக்குத்தான் வரும். வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுங்கள்.