கோட்டை எங்கே போயிற்று?

கேள்வி: கோவையிலிருந்து வந்த உறவினர்களைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போனேன். கடற்கரைச் சாலை, மணக்குள விநாயகர் கோயில், மஞ்சள் சுவர் வீதிகள் என்று மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிரெஞ்சிந்தியாவின் தலைநகரம் என்கிறீர்கள், ஒரு கோட்டையைக்கூடக் காணோம். போட்டோ எடுப்பதைத் தவிர அங்கே என்னதான் இருக்கிறது?
– ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: கோட்டை இருந்தது. அது இல்லாமல் போன கதையில் உங்கள் ஊருக்கும் பங்குண்டு.

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததும், ஆங்கிலேயர்கள் தங்கள் தலைமையிடத்தை உங்கள் கடலூரின் தேவனாம்பட்டினத்தில் இருந்த புனித டேவிட் கோட்டைக்கு மாற்றினார்கள். 1752 வரை அங்கிருந்துதான் நிர்வாகம் நடந்தது. பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் போய்விடுகிற தூரத்தில், ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு இரண்டு தலைநகரங்கள்! 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி படையோடு வந்து உங்கள் கோட்டையைப் பிடித்துத் தகர்த்தார். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தது. அவர்கள் கோட்டையோடு ஊரையும் சேர்த்து இடித்தார்கள். பிரெஞ்சுக்காரர்களின் அந்த லூயி கோட்டை நின்றது இன்றைய பாரதி பூங்காப் பக்கம்தான். உங்கள் உறவினர்கள் நின்று போட்டோ எடுத்த வீதிகளில் பெரும்பாலான கட்டடங்கள் அந்த இடிப்புக்குப் பிறகு எழுந்தவை. அழகானவைதான், மறுக்கவில்லை. ஆனால் அவற்றோடு ஊர் முடிந்துவிட்டது என்று நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்ள முடியாது. பழைய புதுச்சேரியை நீங்கள் இன்னும் பார்க்கவே தொடங்கவில்லை.

பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வாருங்கள். பெரிய மார்க்கெட்டை ஒட்டி ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு இருக்கிறது. அந்த இடிப்பில் தப்பிய அபூர்வமான வீடுகளில் ஒன்று. கீழே செதுக்கிய மரத்தூண்கள், மேலே ஐரோப்பிய பாணியில் வெள்ளைத் தூண்கள். அதற்குள் நுழைந்தால் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும், இருந்த பிள்ளை எந்த இரண்டு உலகங்களுக்கு நடுவே வாழ்ந்தார் என்பது புரிந்துவிடும். (உள்ளே போக முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.) 1736 முதல் அவர் எழுதிவந்த நாட்குறிப்பு இல்லையென்றால் அந்தக் காலத்தை நாம் வெள்ளைக்காரர்களின் கடிதங்களிலிருந்து மட்டுமே தெரிந்துகொண்டிருப்போம். 1748-ல் ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டிருந்த நாட்களில் பிரெஞ்சுக்காரர்கள் வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்ததை அவர் மனம் வெந்து பதிவு செய்திருக்கிறார். பின்னால் வேறிடத்தில் எழுப்பிய கோயில்தான் இன்று ஈஸ்வரன் கோயில் வீதியில் இருப்பது. புதுச்சேரி வீழ்வதற்குச் சில நாட்கள் முன்பு, அதே 1761 ஜனவரியில், பிள்ளை காலமானார்.

அப்புறம் அரிக்கமேடு. இதை நீங்கள் விட்டதுதான் எனக்கு வருத்தம். கடலூரிலிருந்து வரும்போது அரியாங்குப்பத்திலேயே திரும்பிக் காக்காயன்தோப்புக்குப் போயிருக்கலாம். ஆற்றங்கரையில் தோப்பு, அதற்குள் உயரமான செங்கல் சுவர்கள் மிச்சமிருக்கும். அதைப் பார்த்து ரோமானியர் கட்டியது என்று நினைத்துவிடாதீர்கள். அது 18-ஆம் நூற்றாண்டு கிறிஸ்தவ மிஷன் கட்டடத்தின் மிச்சம். 2000 ஆண்டுப் பழைய துறைமுகம் உங்கள் காலுக்குக் கீழே, தோண்டிப் பார்த்து மீண்டும் மூடிய மண்ணுக்குள் இருக்கிறது. 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் இங்கே தோண்டியபோது இத்தாலியில் செய்த சிவப்பு மட்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. அந்தப் பாண்டங்கள் எப்போது செய்யப்பட்டவை என்பது ஐரோப்பாவில் ஏற்கெனவே தெளிவாகத் தெரியும். ஆகவே அதே மண்ணடுக்கில் கிடந்த நம் ஊர்ப் பானைகளுக்கும் காலம் சொல்ல முடிந்தது. அந்தப் பானை வகை வேறு எங்கெல்லாம் கிடைத்ததோ, அங்கெல்லாம் காலத்தைக் கணிக்க வழி பிறந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கே ஒரு பிடி கிடைத்த இடம் அது. முதலில் பாரதி பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு மணிகளையும் ரோமானிய மதுச்சாடித் துண்டுகளையும் பார்த்துவிட்டு, பிறகு மேட்டுக்குப் போங்கள். இல்லையென்றால் வெறும் தோப்பாகத்தான் தெரியும். ஒன்று, கீழே கிடக்கும் ஓட்டுச் சில்லையோ மணியையோ குழந்தைகள் பையில் போட்டுக்கொள்ள விடாதீர்கள். கிடந்த இடத்தை விட்டு எடுத்துவிட்டால் அது சொல்ல வந்ததை இனி யாரும் கேட்க முடியாது.

இன்னொரு நாள் இருந்தால் திருவக்கரைக்குப் போங்கள். வக்ரகாளியம்மனைக் கும்பிட வருபவர்களில் பலர் பக்கத்திலிருக்கும் கல்மரப் பூங்காவுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள், கல்லாகிக் கிடக்கின்றன. குனிந்து பார்த்தால் மரத்தின் நார் வரிகூட அப்படியே தெரியும். எதிலும் கிளையில்லை, இலையில்லை, வேரில்லை. வேறெங்கோ வளர்ந்து, வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, மணலில் புதைந்தவை என்று புவியியலாளர்கள் சொல்வதற்கு அதுதான் காரணம்.

வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயிலுக்குத் தேர்த் திருவிழாவின்போது போவது நல்லது. பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்த வழக்கம் தொடர்ந்து, இன்று துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார்.

சரி, வீடு திரும்பும் வழியில் பாகூரை மட்டும் விட்டுவிடாதீர்கள். கடலூர் சாலையிலிருந்து சற்றே உள்ளே போனால் போதும். பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்திலேயே, 9-ஆம் நூற்றாண்டில், இங்கே ஒரு கல்விச்சாலை இருந்தது. அதற்குக் கிராமங்களைத் தானமாகக் கொடுத்த செப்பேடு கிடைத்திருக்கிறது. மூலநாதர் கோயில் சுவரில் சோழர் கல்வெட்டுகளோடு ராஷ்டிரகூட மன்னன் கன்னரதேவன் பெயரும் இருக்கிறது. அடித்தளத்தைச் சுற்றி உள்ளங்கை அகலத்தில் சின்னச் சின்னச் சிற்பங்கள் உண்டு. உட்கார்ந்து பார்த்தால்தான் கண்ணில் படும். மாலையில் நடை திறந்ததும் போய்விடுங்கள், வெளிச்சம் இருக்கும்போதே பிராகாரத்தைச் சுற்றி வந்துவிடலாம்.