குங்கிலியம், சாம்பிராணி, மூட்டுவலி: வேலூர்ப் பக்கத்துக் கேள்விகளுக்குப் பதில்

மருந்தியல் கற்பித்து ஓய்வு பெற்ற வேலூர்க்காரர் ஒருவர், மரப்பிசின்களின் மருத்துவ குணம் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

ஆற்காட்டிலிருந்து: வேலம்பிசின், பாதாம் பிசின், குங்கிலியம் எல்லாமே மரத்தில் வடிவதுதானே சார். எல்லாம் கிருமியைக் கொல்லுமா?

கொல்லாது. ராத்திரி தண்ணீரில் போட்டு வையுங்கள். வேலம்பிசின் கரைந்துவிடும், பாதாம் பிசின் உப்பி நிற்கும். இரண்டும் சர்க்கரைச் சங்கிலிகள். குளிர்ச்சிக்குக் குடிக்கலாம், அவ்வளவுதான். குங்கிலியமோ கல்லாகவே கிடக்கும். அதில் இருப்பவை எண்ணெயிலும் ஆல்கஹாலிலும் கரையும் டெர்பீன் சேர்மங்கள். பூச்சியும் பூஞ்சையும் காயத்தின் வழியே நுழையாமலிருக்க மரம் சுரப்பவை இவைதான்.

குடியாத்தத்திலிருந்து: பாட்டி காலத்திலிருந்து புண்ணுக்குக் குங்கிலிய வெண்ணெய் போடுகிறோம். தீப்புண்ணுக்கும் போடலாமா ஐயா?

குங்கிலியத்தை நல்லெண்ணெயில் உருக்கி, தண்ணீர் விட்டு வெளுக்கும்வரை கடைவார்கள். தண்ணீரில் கரையாததை எண்ணெயில் இறக்கும் அந்த முறை சரியானது. ஃபின்லாந்திலும் இதே மாதிரி ஒரு வைத்தியம் உண்டு. ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் பிசினைக் களிம்பாக்கி, படுக்கைப் புண்களுக்குப் போட்டுச் சோதித்தார்கள். 2008-இல் வெளியான முடிவில், ஆறு மாதத்தில் முழுதாக ஆறியது களிம்பு போட்டவர்களில் 92 சதவீதம், வழக்கமான கட்டுப் போட்டவர்களில் 44 சதவீதம். சிறிய ஆய்வுதான். மரமும் வேறு, பிசினில் இருக்கும் அமிலங்களும் வேறு. அந்தக் கணக்கை அப்படியே நம் குங்கிலியத்தின் பேரில் எழுதிவிட முடியாது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பிசின் அமிலங்கள் பாக்டீரியாவின் சவ்வைக் கெடுக்கின்றன. ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்றவை அதில் மாட்டிக்கொள்ளும். சூடோமோனாஸ், ஈ.கோலை போன்றவற்றுக்கு வெளியே கூடுதலாக ஒரு சவ்வு இருப்பதால் பெரும்பாலும் தப்பித்துவிடும். தீப்புண்ணில் அடிக்கடி வந்து உட்காருவதே சூடோமோனாஸ்தான். அதனால் கொப்புளம் வெடித்த தீப்புண்ணுக்கும் சர்க்கரை நோயாளியின் கால் புண்ணுக்கும் வீட்டுக் களிம்பு வேண்டாம் அம்மா, நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெடிப்பு, சிராய்ப்புக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

காட்பாடியிலிருந்து: அம்மாவுக்கு முழங்கால் வலி. பறங்கிச் சாம்பிராணி மாத்திரை கேட்குமா சார்?

ஓரளவு கேட்கும். அதிலுள்ள போஸ்வெலிக் அமிலங்கள் 5-லிப்பாக்சிஜினேஸ் என்ற நொதியைத் தடுப்பதாக ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள். வீக்கத்தைக் கிளப்பும் லூக்கோட்ரையீன்கள் உருவாவது அந்த நொதியால்தான். புரூஃபென் வகை மாத்திரைகள் தடுப்பது வேறு நொதியை. வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சரியாக ஏறாது, கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுங்கள். வலி குறைந்ததாகச் சொல்லும் ஆய்வுகள் சிறியவை. மூட்டே புதிதாகும் என்ற விளம்பரத்தை நம்பிப் பணத்தைக் கொட்ட வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க அம்மா வார்ஃபரின் சாப்பிடுகிறார் என்றால் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

ராணிப்பேட்டையிலிருந்து: குழந்தைக்குத் தலை குளிப்பாட்டியதும் சாம்பிராணி காட்டினால் கிருமி சாகுமா?

சாம்பிராணியில் பென்சாயிக் அமிலம் இருக்கிறது, ஊறுகாய் கெடாமலிருக்கச் சேர்ப்பதும் அதன் உப்பைத்தான். ஆனால் அடுப்புக்கரியில் போட்டால் மூக்குக்குள் போவது நுண்துகள் நிறைந்த புகை. வாசனை பிடிக்குமென்றால் பூஜை அறையோடு நிறுத்துங்கள். குழந்தைக்கு வீசிங் இருந்தால் அதுவும் வேண்டாம்.

ஆம்பூரிலிருந்து: ஷூ கம்பெனியில் பசை ஒட்டும் வேலை செய்கிறேன் அண்ணா. கையெல்லாம் அரிப்பு. பிசின் களிம்பு தடவலாமா?

தடவாதீர்கள் தம்பி! காலணிப் பசைகள் பலவற்றில் பைன் மரப் பிசினான ரோசின் கலந்திருக்கும். காற்றுப் பட்டு அது ஆக்சிஜனேற்றம் அடையும்போது சிலருக்கு ஒவ்வாமை வருகிறது. ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால் சில பிளாஸ்டர் ஒட்டினால்கூட அரிக்கும். தோல் மருத்துவரிடம் போய்ப் பேட்ச் டெஸ்ட் (எது ஒவ்வவில்லை என்று தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) செய்யச் சொல்லுங்கள். என்ன பசை என்று டப்பா லேபிளை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனால் அவருக்கும் சுலபம்.