பகலில் படுக்கிறவள்

அன்புள்ள அண்ணன்,

அம்பாறைக் கரையோரத்தில் ஓர் அரச ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறேன். 2021இல் கொவிட் வாட்டில் மாதக்கணக்கில் நைட் செய்தேன். கொவிட் போய்விட்டது, என் நித்திரை திரும்பி வரவில்லை. நைட் முடிந்து வந்து படுத்தால் இரண்டு மணித்தியாலத்தில் முழிப்பு. வீட்டில் இருக்கிற இரவுகளிலும் மூன்று மணிக்கு ஒக்சிசன் அளக்கிற கருவி கத்துவது மாதிரிக் கேட்டு எழும்பி உட்காருகிறேன். சில நாள் இரண்டு பிரிட்டன் குளிசை போட்டுவிட்டுப் படுப்பேன். டயரி எழுதினால் மனம் ஆறுமாமே, எழுதலாமா? நித்திரைக்கு முன் வாசிக்க ஒரு புத்தகம் சொல்லுங்கள். மாமி வேறு, "பகல்ல படுக்கிற வீட்டில பறக்கத்து நிக்காது" என்கிறா.

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள தங்கச்சி,

நித்திரை வரவைக்கிற புத்தகம் என்றால் நான் எழுதியவையே போதும், அதை விடு. டயரி உன் விருப்பம். ஆனால் பிரிட்டன்? தடிமனுக்குக் குடிக்கிற குளிசை அது. நோயாளிக்கு அளந்து கொடுக்கிற நீ, உனக்கு மட்டும் கைக்கு வந்தபடி போடுகிறாய். அந்த மந்தத்தோடுதானே மறுநாள் ஊசியில் மருந்து ஏற்றுகிறாய்? உன்னை என்ன சொல்லி ஏச! இன்றைக்கே நிறுத்து.

இந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதுவது உன் மாமிக்காகத்தான். இறைவன் அருளான பறக்கத்து நிக்காது என்கிறீர்கள் நீங்கள், எங்கட வீட்டில் அதையே மூதேவி குந்திட்டா என்பார்கள்.

இந்த ஊருக்கு இராவேலை புதிதா? வட்டையில் பரண் கட்டி யானைக்குக் காவல் இருந்துவிட்டு வருகிறவர் பகல் முழுக்கக் குறட்டை விடுவார், வீடு அடங்கிக் கிடக்கும். இராக்கடலுக்குப் போய் வந்தவரின் திண்ணைப் பக்கம் பிள்ளைகள் போகாது. விடிய விடியக் கூத்தாடியவரைப் பற்றிக் கேட்டால், "அண்ணாவியார் படுக்கிறார், மறுகா வாங்க" என்பார்கள். இவர்கள் படுத்தால் எந்த வீட்டுச் சீதேவியும் எழும்பிப் போனதில்லை. பன்னிரண்டு மணித்தியாலம் வாட்டில் நின்றுவிட்டு ஒரு பொம்பிளை பாயை விரித்தால் மட்டும் குடும்பத்துக்கு ஆகாது. மூதேவி ஆம்பிளையின் பாயில் குந்தி நான் பார்த்ததில்லை.

என் சின்னம்மாவும் தாதிதான். 1978 சூறாவளி எங்கள் கூரையைக் கொண்டுபோன பிறகு தகரம் போட்டிருந்தோம், காலை ஒன்பது மணிக்கே வீடு அடுப்பாகிவிடும். சின்னம்மா நைட் முடித்து, கல்லடிப் பாலத்தால் பஸ்ஸில் வந்து, கிணற்றில் அள்ளி வார்த்துவிட்டு, ஈரத் துவாயைக் கண்ணில் போட்டுக்கொண்டு படுப்பா. எனக்கு எட்டு வயது. அவ படுத்திருந்த அறையின் வெளிச்சுவரில்தான் எனக்குப் பந்தடி. பத்து மணிக்கு அம்மம்மா, "எழும்புகா, மீன் வந்திட்டு" என்பா. ஒருநாள் அரிசி அளக்கப் போனவ, சுண்டு கையில் இருக்க, பானைக்கு முன்னால் குந்தியபடியே நித்திரையாகிவிட்டா. சுண்டு சரிந்து அரிசி மடியில் கொட்டிக்கொண்டிருந்தது. நான் சிரித்துச் சிரித்து அயல் பிள்ளைகளையெல்லாம் கூட்டிவந்து காட்டினேன். ஆறேழு பேர் வாசலில் நின்று பார்த்தோம். அவ கண் திறந்து எங்களைப் பார்த்தா, ஏசவில்லை, அரிசியைப் பொறுக்கினா.

அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது.

அவ சோம்பேறி இல்லையென்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். உடம்புக்குள் ஓடுகிற மணிக்கூட்டின் பொறிமுறையைக் கண்டதற்கு 2017இல் மூன்று பேருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த மணிக்கூட்டுக்குச் சாவி கொடுப்பது வெளிச்சம். நைட் முடிந்து வெயிலை முகத்தில் வாங்கிக்கொண்டு வீடு வருகிறாய், உடம்புக்கு அது எழும்புகிற நேரம். போதாததற்கு நாலு மணிக்குக் குடித்த பிளேன்ரீயின் கஃபீனில் பாதி கழியவே ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் வேண்டும். இரண்டு மணித்தியாலத்தில் முழிப்பு வராமல் என்ன செய்யும்?

1997இல் டோசன், ரீட் என்ற இருவர் ஆட்களை விழிக்கவைத்துச் சோதித்தார்கள். 17 மணித்தியாலம் விழித்திருந்தவர்களின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தது. நீ காலை ஆறு மணிக்கு எழும்பி, சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, மாலை ஏழுக்கு டியூட்டிக்குப் போகிறாய் என்று வை. இரவு 11 மணிக்கே அந்த 17 முடிந்துவிட்டது. டியூட்டி முடிய இன்னும் எட்டு மணித்தியாலம் கிடக்கிறது. மாமியை வெறிக்காரன் கையால் ஊசி போட்டுக்கொள்வாவா என்று கேள். கதவைச் சாத்து, ஜன்னலுக்குக் கறுத்தச் சீலை கட்டு, விடியப்புற ரீயை விடு, நைட்டுக்குப் போகுமுன் பின்னேரம் ஒரு கண் அயர்ந்துவிட்டுப் போ. கொவிட் காலத்தில் உங்களை வீரர்கள் என்று புகழ்ந்தோமே, அந்த வாயை மூடிக்கொண்டு பகலில் சத்தம் போடாமல் இருந்திருந்தால் அதுவே பெரிய உபகாரம்.

ஆனால் மூன்று மணிச் சத்தம் வேறு. அதைச் சீலை கட்டி மறைக்க ஏலாது. 2020 ஏப்ரலிலிருந்து அடுத்த பெப்ரவரி வரை இந்த நாட்டில் கொவிட்டில் இறந்த முஸ்லிம்களின் ஜனாசாக்களையும் எரித்தார்கள். 2021 மார்ச்சிலிருந்து அடக்கத்துக்கு விட்டார்கள், அதுவும் ஊர் மையவாடியில் இல்லை, ஓட்டமாவடியில். வாப்பாவை வீட்டுக்குத் தரமாட்டீர்களா என்று கேட்ட பிள்ளைகளுக்குப் பதில் சொல்லும் வேலை யாருக்கு வந்திருக்கும்? நீ எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. அதைத் தனியே சுமக்காதே. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பஸ் ஏற மனமில்லாவிட்டால் மனநல உதவி இலக்கம் 1926க்கு எடு. "தெரிஞ்ச ஆக்கள் கண்டா?" என்பாய். காணட்டும், அவர்களும் எதற்கோதானே அங்கே வந்திருப்பார்கள்.

சின்னம்மாவுக்கு இப்போது எண்பது. விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் பகலெல்லாம் கண்ணயர்கிறா. பத்து மணிக்கு மீன்காரத் தம்பி மோட்டார் சைக்கிளில் ஹோர்ன் அடித்துக்கொண்டு வருவான். நான் படலைக்கு ஓடிப்போய்க் கையைக் காட்டி நிறுத்துவேன்.

"ஏன், ஆருக்கும் சுகமில்லையா?" என்று கேட்பான்.