கடை நொடித்தது முருகன் கோபத்தால்தானா?

தம்பி, விரதம் பிசகாமல் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு வெறுங்காலோடு நடந்தும் அதே வருஷம் கடை நொடித்துவிட்டது, முருகனுக்கு என் மேல் என்ன கோபம் என்று கேட்டிருக்கிறீர்கள். கோபம் என்று ஏன் நினைக்கிறீர்கள்? தடவிக்கொடுப்பது அறக்கருணை, தண்டித்துத் திருத்துவது மறக்கருணை, இரண்டுமே கருணைதான் என்கிறது சைவ சித்தாந்தம். எனக்கு இது படித்துப் புரியவில்லை, அப்பத்தாவிடம் அடிவாங்கித்தான் புரிந்தது. காரைக்குடி வீட்டில் ஒரு கூட்டல் தப்பினால் அப்பத்தா அகப்பைக் காம்பால் புறங்கையில் ஒன்று போடுவார்கள், சரியாகும்வரை எழுந்திருக்க விடமாட்டார்கள், அப்புறம் சுடச்சுடக் கந்தரப்பம் வரும். பக்கத்து வீட்டுப் பையன் தப்பாகக் கூட்டினால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். அதற்காக எல்லா நஷ்டமும் தண்டனை என்று நான் சொல்லவில்லை (பாதி சரக்கு கடனுக்குப் போனதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்). தைப்பூசத்துக்கு மறுபடி நடங்கள், சரி, அதற்கு முன்னால் அந்தக் கடன் நோட்டை எடுத்து உட்காருங்கள்.