அப்பா ஏன் எல்லோருக்கும் பிறகு சிரிக்கிறார்?

கேள்வி: என் அப்பாவுக்கு 72 வயது. தனியாக உட்கார்ந்தால் பேரனோடு நன்றாகப் பேசுகிறார். வீட்டில் நாலு பேர் கூடிவிட்டால் வாயே திறப்பதில்லை. எல்லோரும் சிரித்து முடிக்கும்போதுதான் அவர் சிரிக்கிறார். அப்புறம் எழுந்து திண்ணைக்குப் போய்விடுகிறார். காது கேட்கிறதா என்றால், “நல்லாத்தான் கேக்குது” என்கிறார். கோபமா, மறதி நோயின் தொடக்கமா?

பதில்: பிந்தி வரும் அந்தச் சிரிப்பைக் கவனித்தீர்களே, அதுவே பெரிய தடயம். எனக்கு முதலில் சந்தேகம் வருவது காதின் மேல்தான்.

பேச்சில் ஒருவர் முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் நடுவே விழும் இடைவெளி மிகச் சிறியது. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வந்த ஆய்வில் அது சராசரியாக 200 மில்லிநொடி, அதாவது நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே நமக்கு ஏறக்குறைய 600 மில்லிநொடி ஆகிறது. கணக்கு இடிக்கிறது அல்லவா? எதிரில் இருப்பவர் பேசும்போதே, அவர் எங்கே முடிப்பார் என்று ஊகித்து, நம் பதிலை மூளை தயார் செய்துவிடுகிறது. அதனால்தான் சமாளிக்கிறோம்.

வயதாகும்போது முதலில் மங்குவது உயர் அதிர்வெண் ஒலிகள், அதாவது கீச்சென்ற மெல்லிய ஒலிகள். உயிரெழுத்துகளின் கனம் காதில் விழும்; வல்லினங்களைப் பிரித்துக் காட்டும் மெல்லிய ஒலி விழாது. ஆகவே அப்பா பொய் சொல்லவில்லை. சத்தம் அவருக்குக் கேட்கிறது. அத்தை சொன்னது “பத்து வாங்கினேன்” என்றா, “பட்டு வாங்கினேன்” என்றா என்பதுதான் பிடிபடுவதில்லை. விட்டுப்போனதை மூளை உதட்டசைவைப் பார்த்தும், முன்னால் பேசியதை வைத்தும் நிரப்புகிறது. அது முடிவதற்குள் பேச்சு சித்தப்பாவிடம் போய்விடுகிறது. பதில் தயாரிக்க வேண்டிய நேரம் கேட்டுப் புரிந்துகொள்வதிலேயே தீர்ந்துவிடுகிறது. இப்படிக் கஷ்டப்பட்டுக் கேட்டது மனதிலும் சரியாகப் பதியாது. வீட்டில் இருப்பவர்களுக்கு அது மறதியாகத் தெரியும். திண்ணைக்குப் போவது பெரும்பாலும் களைப்பால்தான்.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வெறும் காதுக் குரும்பியாகக்கூட இருக்கலாம்; இல்லையென்றால் எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம் எடுக்கச் சொல்வார். சொற்கள் புரிகின்றனவா என்ற பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள். தள்ளிப் போடாதீர்கள்: மறதி நோய்க்கான, நம்மால் மாற்ற முடிந்த 14 ஆபத்துக் காரணிகளில் கேட்புக் குறைபாடும் ஒன்று என்கிறது லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த ஆணையத்தின் 2024 அறிக்கை. சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்பது, தெரிந்த தெருவில் வழி தவறுவது, பணக் கணக்கில் குழம்புவது ஆகியவை இருந்தால் நரம்பியல் மருத்துவரையும் பாருங்கள். திடீரென ஒரு நாளில் ஒரு காது அடைத்துப்போனால் அன்றைக்கே போக வேண்டும்.

வீட்டில் டிவியை அணைத்துவிட்டுப் பேசுங்கள். முதுகு சுவரை ஒட்டியும், பேசுபவர் முகத்தில் வெளிச்சம் விழும்படியும் அவருக்கு இடம் போடுங்கள். முதலில் “அப்பா” என்று கூப்பிட்டு, அவர் திரும்பிய பிறகு விஷயத்தைச் சொல்லுங்கள். தயவுசெய்து கத்தாதீர்கள், கத்தினால் உயிரெழுத்துதான் நீளும், புரியாத எழுத்து புரியாததாகவே இருக்கும். “பட்டு” புரியவில்லையா? “பட்டுப்புடவை” என்று மாற்றிச் சொல்லுங்கள். “ஒண்ணுமில்ல, விடுங்க” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது அவரை எவ்வளவு காயப்படுத்தும் என்று என்னிடம் வரும் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

காது மெஷின் தேவைப்பட்டால், முதல் நாளே கல்யாண மண்டபத்துக்கு மாட்டி அழைத்துப் போக வேண்டாம். பாத்திரம் உருளும் சத்தம்கூட முதலில் எரிச்சலாக இருக்கும். மூளை பழகச் சில வாரங்கள் ஆகும். பேரனோடு பேசும் நேரத்தில் தொடங்குங்கள்.